சீனிக்கிழங்கு என்று ஒரு சொல்: ஏற்காடு அடிவாரத்தில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

"என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று பணியில் இருந்த மருத்துவர் கேட்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் அப்போது இரவு ஏழே முக்கால் மணி. கட்டிலில் நான்கு வயதுப் பேரன். பக்கத்துக் கட்டிலில் அவன் அம்மா, என் தம்பி மகனின் மனைவி. இருவருக்கும் வாந்தி, தலைச்சுற்றல். பிள்ளைக்குக் கண் செருகிக்கொண்டு போனது.

"சீனிக்கிழங்கு" என்றாள் மருமகள். கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண், "மரச்சீனியாக்கும் டாக்டர்" என்றார். தம்பி மகன் போனைக் காதில் வைத்தபடி, "அம்மா சர்க்கரைவள்ளினு சொல்றாங்க" என்றான். ஒரே நிமிடத்தில் மூன்று பெயர். சர்க்கரைவள்ளி என்றதும் மருத்துவரின் முகம் சற்றுத் தளர்ந்ததைப் பார்த்தேன். கெட்டுப்போன உணவு, வாந்தி, சரியாகிவிடும் என்று அவர் எண்ணம் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

நான் முப்பத்தொரு வருடம் தமிழாசிரியராக இருந்தவன். சொல்லுக்கு வேர் தேடுவதை வகுப்பறைக்குள் நடக்கும் சுகமான வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு இந்த நிகழ்வை முதலிலிருந்து கடைசி வரை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டார் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

நடந்தது

தம்பி மகன் குடும்பம் கோரிமேட்டைத் தாண்டி, ஏற்காடு அடிவாரம் போகும் சாலையில் குடியிருக்கிறது. மருமகள் சென்னையில் பிறந்து வளர்ந்தவள், சேலத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அவளுடைய மாமியார், அதாவது என் தம்பி மனைவி, திசையன்விளைப் பக்கத்தவர். அந்த வாரம் ஊரில் இருந்தார். பேரன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் போனில் சொல்ல, அவர் சொன்ன பதில்: "சீனிக்கெழங்கு வாங்கித் தோலோட ஆவில அவிச்சுக் குடும்மா. சீனி போட்டுப் பிசைஞ்சா பிள்ள நல்லாத் திங்கும்."

நெல்லைச் சீமையில் சீனிக்கிழங்கு என்றால் சர்க்கரைவள்ளி. தோலோடு அவிப்பதுதான் அங்கே வழக்கம். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.

மருமகளுக்கு அந்தச் சொல் புதிது. பக்கத்து வீட்டில் கேட்டாள். அவர் குழித்துறைக்காரர், கணவர் வேலைக்காக இங்கே வந்தவர். "சீனியா? நாங்க மரச்சீனின்னு சொல்லுவோம். இங்க குச்சிக்கெழங்குன்னு கேட்டா தருவாங்க" என்றார். குமரி மாவட்டத்தில் மரச்சீனி என்றால் மரவள்ளி. அவர் சொன்னதும் அவர் ஊர் அளவில் சரி. எப்படிச் சமைக்கப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. மரச்சீனியைத் தோலோடு யாராவது அவிப்பார்கள் என்று ஒரு குமரிக்காரருக்கு எப்படித் தோன்றும்?

அது கிழங்கு வெட்டும் பருவம். சாலையோரம் டீக்கடை முன்னால் ஒரு டிராக்டர் நின்றிருந்தது, டிரெய்லர் நிறையக் குச்சிக்கிழங்கு. மருமகள் போய் இரண்டு கிலோ கேட்டிருக்கிறாள். ஓட்டிவந்தவர், "இது மில்லு கெழங்குங்க" என்றிருக்கிறார். மில்லுக்குப் போகிற சரக்கு, சில்லறையாகத் தர மாட்டார் போல என்று இவள் நினைத்து, "கொழந்தைக்குத்தாங்க, கொஞ்சம் குடுங்க" என்றிருக்கிறாள். மனிதர் மனம் இளகி, காசு கூட வாங்காமல் நான்கைந்து கிழங்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். என் கணக்கில் முழு நிகழ்வும் அந்த மூன்று சொல்லில்தான் இருக்கிறது.

வீட்டில் கிழங்கைக் கழுவி, இரண்டிரண்டாக நறுக்கி, தோலோடு குக்கரில் தட்டு வைத்து ஆவியில் அவித்தாள். மாலை நாலரை மணிக்கு உரித்து, நாட்டுச்சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். தானும் இரண்டு துண்டு தின்றாள். "கசந்துச்சு பெரிய மாமா. எனக்குத்தான் பழக்கமில்லைனு நெனச்சேன்" என்று மறுநாள் சொன்னாள். பிள்ளைக்குச் சர்க்கரை கசப்பை மறைத்துவிட்டது. ஆறரைக்கு முதல் வாந்தி.

தோல்

தம்பி மகன் எனக்குப் போன் செய்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி, "குப்பைக் கூடைல தோல் கெடக்கா?" என்பதுதான். அதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். மருத்துவமனை வராந்தாவில் விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன்.

மேலே காகிதம் போல உரியும் பழுப்புத் தோல். அதன் கீழே இளஞ்சிவப்புச் சாயல் படிந்த தடித்த இரண்டாம் தோல், விரலால் வளைத்தால் பட்டையாகக் கழன்று வரும். தின்னாமல் எறிந்த ஒரு துண்டும் இருந்தது. அதைப் பிளந்தேன். நட்டநடுவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் நார், நூல் திரித்தாற்போல. சர்க்கரைவள்ளியில் இந்த இரண்டும் கிடையாது. அதன் தோல் ஒன்றே, சவ்வு போல மெல்லியது, நடுநாரும் இல்லை.

"டாக்டர், இது குச்சிக்கிழங்கு" என்று காட்டினேன். அவர் இந்த மாவட்டத்துக்காரர். "குச்சிக்கெழங்கா? தோலோடவா அவிச்சீங்க?" என்ற குரலே மாறிவிட்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள், சயனைடு நஞ்சுக்கான மாற்று மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு இரவெல்லாம் கண்காணித்தார்கள். மருந்து போடும் அளவுக்குப் போகவில்லை. விடியற்காலை பேரன் தண்ணீர் கேட்டான். மறுநாள் மதியம் இருவரும் வீடு திரும்பினார்கள்.

தம்பி மனைவிக்கு நான்தான் போனில் விவரம் சொன்னேன். குச்சிக்கிழங்கு என்றேன், புரியவில்லை. மரவள்ளி என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏழிலைக் கெழங்கையா அத்தான் தோலோட குடுத்தா?" என்று கேட்டு அழத் தொடங்கிவிட்டார். அந்த ஒரே கிழங்குக்கு அது நான்காவது பெயர்.

வள்ளி

இனி பெயர்களுக்கு வருகிறேன்.

மரவள்ளி நம் மண்ணின் செடி அல்ல. பிரேசில் பக்கத்து அமேசான் காட்டு விளிம்பில் தோன்றியது. போர்ச்சுகீசியர் கப்பலேறி மலபார்க் கரைக்கு வந்தது. சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் இரண்டின் பெயரிலும் ஒட்டியிருக்கும் 'வள்ளி' ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழ்ச் சொல்.

வள் என்ற அடிக்கு வளைவு என்று பொருள். வளைந்து, சுற்றிப் படரும் கொடி வள்ளி. கொடியின் பெயரே அதன் கிழங்குக்கும் ஆயிற்று. பாரியின் பறம்பு மலையைப் பாடும் கபிலர், உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு பொருளைச் சொல்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், தேன் ஆகியவற்றோடு "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே" என்கிறது புறநானூற்றின் 109-ஆம் பாட்டு. அது மலையில் தானாக விளையும் கொடிக்கிழங்கு. முருகனின் வள்ளிக்கும் பெயர் இப்படி வந்ததாகத்தான் கந்தபுராணம் சொல்கிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை அவள். சேர்வராயன் மலையில் இன்றும் மலைக்காரர்கள் கடப்பாரையால் ஆழத் தோண்டி எடுத்துவரும் வள்ளி இந்தப் பழைய வள்ளியின் இனம்தான்.

வெளியிலிருந்து ஒரு பொருள் வந்தால் தமிழ் செய்யும் வேலை ஒன்று உண்டு. தெரிந்த பொருளின் பெயரை எடுத்து, முன்னாலோ பின்னாலோ ஓர் அடையாளத்தைச் சேர்க்கும். மிளகு போலக் காரமான காய் வந்தது, மிளகாய் ஆயிற்று. வள்ளி போல மண்ணுக்குள் விளையும் கிழங்கு இனிப்போடு வந்தது, சர்க்கரைவள்ளி ஆயிற்று. இன்னொன்று படராமல் ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்றது. அதற்கு மரவள்ளி என்று பெயர். யோசித்தால் இது தனக்குள் முரண்பட்ட பெயர். வள்ளி என்றால் கொடி, மரம் என்றால் நிற்பது. பெயர் வைத்தவர்கள் மயங்கிப்போய் அப்படி வைத்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் காலத்தில் வள்ளி என்ற சொல் கொடியை விட்டுக் கிழங்கோடு மட்டும் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

மரச்சீனி இதே அச்சில் வார்த்தது. சர்க்கரைவள்ளியைச் சீனிக்கிழங்கு என்று வழங்கும் தெற்குச் சீமையில், மரமாக நிற்கும் கிழங்கு மரச்சீனி. வள்ளிக்கு மரவள்ளி, சீனிக்கு மரச்சீனி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த ஒழுங்கு பிடிபட்டது. இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால், நம் வீட்டில் அன்று நடந்த குழப்பத்தின் நூல் கையில் கிடைத்துவிடும். ஒரு மாவட்டத்தில் 'சீனி' என்ற பகுதி சர்க்கரைவள்ளியைக் காட்டுகிறது. அடுத்த மாவட்டத்தில் அதே பகுதி மரவள்ளியைக் காட்டுகிறது. இரண்டு ஊர்ப் பெண்கள் தத்தம் பேச்சில் சரியாகப் பேசினார்கள். நடுவில் நின்ற சென்னைப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டது.

ஏழிலைக்கிழங்கு என்பது இலையைப் பார்த்து வைத்த பெயர், விரித்த கைபோல அது ஏழு விரலாகப் பிரியும். ஐந்தாகப் பிரிவதும் உண்டு. கேரளத்தில் கப்பை என்பார்கள். கப்பலோடு சேர்த்து அதற்கு விளக்கம் சொல்வதுண்டு.

குச்சிக்கிழங்கு சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்தின் பெயர். விதை போட்டு இதை விளைவிப்பதில்லை. முற்றிய தண்டைக் கணுக்கணுவாக ஒரு சாண் குச்சியாக நறுக்கி, நட்டுவிடுவார்கள். ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் வெட்டு முடிந்த காட்டோரங்களில் அடுத்த நடவுக்கான குச்சிகளைக் கட்டுக்கட்டாக நிழலில் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். உழவன் கை முதலில் தொடுவது குச்சியை, பெயரும் அதிலிருந்து பிறந்தது. இத்தனை பெயர்களில் என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். வைத்தவன் வேலை செய்தவன் என்பது பெயரிலேயே தெரிகிறது.

மில்லு கெழங்கு

நிற்பதை ஒரு பெயர் சொல்கிறது, இலையை ஒன்று, நடவை ஒன்று. எப்படித் தின்ன வேண்டும் என்பதை எதுவும் சொல்லவில்லை. அதைச் சொன்ன ஒரே சொல், அன்று டிராக்டர்க்காரர் சொன்ன 'மில்லு கெழங்கு'.

சேலத்துக்காரர் காதில் அது ஓர் இனப்பெயர். வீட்டுக்கு வாங்குபவர்கள் கசப்பில்லாத, மாவாக வேகும் கிழங்காகக் கேட்டு வாங்குவார்கள். பர்மா என்று ஒரு ரகம் அதற்குப் பேர்போனது. ஜவ்வரிசி ஆலைக்கு முள்ளுவாடி, எச்-226 போன்ற ரகங்கள் போகும். அங்கே கணக்கு ருசியில் இல்லை, மாவுச்சத்தில். கிழங்கை எடை போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்து விலை பேசுவார்கள். கசப்பு கூடுதலாக இருந்தாலும் ஆலைக்கு நட்டமில்லை.

அந்தக் கசப்பைத் தருவது லினமரின் என்ற பொருள். மரவள்ளியின் எல்லாப் பாகத்திலும் உண்டு, தோலில் மிக அதிகம். மழை பொய்த்த காட்டில் விளைந்தால் இன்னும் கூடும். கிழங்கை நசுக்கும்போதோ துருவும்போதோ அதன் உள்ளிருக்கும் ஒரு நொதி லினமரினைத் தாக்கி உடைக்கும். கடைசியில் சயனைடு வாயுவாகப் பிரியும். அது 26 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகிவிடும் பொருள், காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். ஆகவே நன்றாக உடைத்துக் கழுவிய கிழங்கு பாதுகாப்பானது. முழுசாக, தோலோடு, மூடிய பாத்திரத்தில் ஆவியில் வைத்தால் நேர்மாறு. நொதி சூட்டில் செத்துவிடும், லினமரின் அப்படியே கிழங்கில் தங்கிவிடும். கழுவிக்கொண்டு போகத் தண்ணீரும் இல்லை. வயிற்றுக்குள் போனபின் அது உடைகிறது. இனிப்பு மரவள்ளி என்றால் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே சயனைடு இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு உணவுத் தர அளவு. ஆலை ரகங்கள் அதைத் தாண்டக்கூடியவை. நாலு வயதுப் பிள்ளையின் எடைக்கு அது பெரிய சுமை.

குமரியிலும் கேரளத்திலும் தோல் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவது கைப்பழக்கம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பஞ்சத்துக்கு உதவும் பயிராக ஊன்றியவர். மக்கள் நஞ்சென்று அஞ்சியதால், பக்குவம் சொல்லி அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் செய்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. அங்கே கிழங்கு பக்குவத்தோடு சேர்ந்தே பரவியது.

இந்தச் செடியை முதலில் வளர்த்த தென் அமெரிக்கப் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்துதான் டாப்பியோக்கா என்ற சொல் வருகிறது. துருவிப் பிழிந்த சாற்றில் அடியில் படியும் மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. செடியின் பெயர் இல்லை, கைவேலையின் பெயர். நஞ்சை நீக்கும் வழியே பெயராக நிற்கிறது. நம் டிராக்டர்க்காரர் சொன்ன சொல்லும் இதே வகை என்று எனக்குப் படுகிறது. அரைத்துக் கழுவிய பிறகுதான் இது உணவு என்பது அந்தச் சொல்லுக்குள் இருந்தது. கேட்டவளுக்கு அது போகும் இடமாக மட்டும் கேட்டது.

ஜவ்வரிசி

மில்லைப் பேசிவிட்டு ஜவ்வரிசியை விட முடியாது. அதே ரகக் கிழங்கில் செய்த ஜவ்வரிசிப் பாயசத்தைப் பேரனுக்கு எத்தனையோ முறை கொடுத்திருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. ஆலையில் தோலைச் சீவி, அரைத்து, நீர் விட்டுப் பால் பிரித்து, தொட்டியில் மாவைப் படியவிடுகிறார்கள். நஞ்சு கழுநீரோடு போய்விடுகிறது. சக்கையைத் திப்பி என்பார்கள். ஈரமாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து சேகோ என்னும் ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய தொழில் இது. 1981-இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உண்மையான சேகோ ஒரு பனை வகையின் தண்டுச் சோற்றில் எடுப்பது, மலாய் மொழியில் சாகு. ஜவ்வரிசி என்றால் 'ஜாவா அரிசி' என்று பலர் சொல்வார்கள், நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை மாற்றிக்கொள்கிறேன். தெலுங்கில் சக்குபிய்யம், கன்னடத்தில் சப்பக்கி, மலையாளத்தில் சவ்வரி. பின்பாதி எல்லாவற்றிலும் அரிசி. முன்பாதிகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: சக்கு, சப்பு, சவ்வு. சாகு என்ற சொல்லை நான்கு மொழிகள் தத்தம் வாய்க்கு ஏற்ப வளைத்ததாகவே தெரிகிறது. ஜாவாவுக்கு அதில் வேலை இல்லை. வெந்தால் சவ்வு போல இழுபடுவதால் தமிழில் சவ்வரிசி என்ற வடிவம் நன்றாகப் பொருந்திக்கொண்டது.

பிறகு

வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. குழித்துறைப் பெண்தான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, தன்னால்தான் என்று மருகிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி ஊரிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் செய்தித்தாளை விரித்து மூன்று கிழங்கையும் வைத்தேன். தம்பி மனைவி கொண்டுவந்த சீனிக்கிழங்கு, உழவர் சந்தையில் கேட்டு வாங்கிய பர்மா குச்சிக்கிழங்கு, ஏற்காட்டிலிருந்து ஒருவர் தந்த மலைவள்ளி. மருமகள் கத்தியை வாங்கி ஒவ்வொன்றாகப் பிளந்தாள். குச்சிக்கிழங்கின் நடுநாரை நகத்தால் நெம்பி, நீளமாக உருவி எடுத்தாள். குழித்துறைப் பெண் தோலைச் சீவும் விதம் காட்டினார்: மேல்தோலைத் தனியாக இல்லை, கத்தியால் நெடுக ஒரு கீறல் போட்டு, விரலை நுழைத்து, இரண்டு தோலையும் ஒரே சுற்றில் பட்டையாகக் கழற்ற வேண்டும்.

தம்பி மனைவி மலைவள்ளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண் ஒட்டி, மயிர்வேர் மூடி, கோணலாகக் கிடந்தது அது. "நான் பாத்ததே இல்ல அத்தான். இதுக்கு என்ன பேரு?" என்றார்.

"வெறும் வள்ளி" என்றேன்.